இட்லி மாவுப் பெட்டியும் பீர் வாளியும்

வழக்கமாகக் கடைசியில் வரும் டிஸ்கியை இந்த முறை முதலிலேயே போட்டுவிடுகிறேன். இது பீர் காய்ச்சச் சொல்லும் பதிவு இல்லை. குடிக்கச் சொல்லும் பதிவும் இல்லை. நான் பார்ப்பது பேங்க் வேலை, படித்தது பி.காம். சட்டத்தையும் விஞ்ஞானத்தையும் எனக்குப் புரிந்த அளவில் கணக்குப்பிள்ளை பாஷையில் எழுதுகிறேன்.

சொல்ல வந்தது இரண்டே விஷயம். ஒன்று, விற்காமல், அளவாக, சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பீர் புளிக்கவைக்க நம் சட்டங்கள் இடம் கொடுக்க வேண்டும். இரண்டு, அப்படி இடம் கொடுக்கும்வரை நம்ம வீட்டுப் பிள்ளைகள் யாரும் அதில் கை வைக்கக் கூடாது. ஒரே வாயால் இரண்டையும் சொல்லலாமா என்று கேட்பீர்கள். 20 வருடமாக நான் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். ஒரு சுற்றறிக்கை சரியில்லை என்று தோன்றினால் மேலே எழுதிப்போடுவேன். பதில் வரும்வரை அதே சுற்றறிக்கைப்படிதான் வேலை பார்ப்பேன்.

இந்த விஷயம் என் வீட்டுக்குள் வந்தது இட்லி மாவு வழியாக. புனேயில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு டிசம்பர், ஜனவரி என்றாலே தெரியும். ராத்திரி பத்து டிகிரி வாக்கில் போய்விடும். முதல் நாள் அரைத்த மாவு மறுநாள் காலையில் வைத்தது வைத்தபடி இருக்கும். தங்கமணி கம்பளியைச் சுற்றிப் பார்த்தார், அவனுக்குள் வைத்துப் பார்த்தார், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இறக்கிப் பார்த்தார். ஒருநாள் பொங்கும், மறுநாள் பொங்காது.

ஹிஞ்சேவாடியில் ஐடி வேலை பார்க்கும் என் அக்கா பையன்தான் வழி சொன்னான். மருந்துக்கடையில் போடும் பெரிய தெர்மகோல் பெட்டி ஒன்று. அதற்குள் 40 வாட்ஸ் குண்டு பல்பு. பல்பு தெர்மகோலில் பட்டுவிடாமல் இருக்க, ஓட்டை போட்ட பால்பவுடர் டின் ஒன்றை அதன்மேல் கவிழ்த்தாயிற்று. வெளியே ஒரு டெம்பரேச்சர் கன்ட்ரோலர். மீன் தொட்டிக்காரர்களும் கோழிமுட்டை பொரிக்கும் இன்குபேட்டர் செய்கிறவர்களும் வாங்கும் அதே சின்னப் பெட்டிதான். 29 டிகிரி என்று வைத்தால் அதற்குக் கீழே போகும்போது பல்பு எரியும், மேலே போனால் அணையும். அதன் உணர்வுக் கம்பியைப் பாத்திரத்தின் பக்கவாட்டில் ஒட்டிவிட வேண்டும். மொத்தச் செலவு 1,500 ரூபாய்க்குள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மாவு பொங்காத நாள் இல்லை.

பெட்டியைச் செய்து முடித்த அன்று பையன் மெதுவாக ஆரம்பித்தான். "மாமா, இதே பெட்டியில பல்புக்குப் பதிலா ஐஸ் பாட்டில் வச்சு 20 டிகிரில நிறுத்தினா பீர் போடலாம்." தங்கமணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். நான் காது கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். ஆனால் அவன் ஏற்கெனவே பாதி சாமான் வாங்கி வைத்திருந்தான் என்பது அடுத்த வாரம் அவன் ரூமுக்குப் போனபோதுதான் தெரிந்தது.

*

என்னென்ன சாமான் என்று சொல்கிறேன். சொன்னால்தான் இதில் மர்மம் எதுவும் இல்லை என்று புரியும்.

முதலில் ஒரு ஐஸ் பெட்டி. பிக்னிக்குக்குக் கொண்டுபோவோமே, அதே மாதிரி இரண்டு சுவர் வைத்த பிளாஸ்டிக் பெட்டி. அதன் பெயர் ஐஸ் பெட்டி என்றாலும் சூட்டையும் அது அப்படியே வைத்திருக்கும். முளைகட்டிக் காயவைத்து உடைத்த பார்லியை அதில் கொட்டி, 65 முதல் 68 டிகிரி சூட்டில் தண்ணீரோடு ஒரு மணி நேரம் மூடிவைப்பது முதல் வேலை. நாம் கேழ்வரகை முளைகட்டிக் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சுகிறோமே, அதுவும் இதுவும் ஒரே தத்துவம். முளைக்கும்போது தானியத்தில் உருவாகும் நொதிகள், இந்தச் சூட்டில் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கின்றன. சூடு கூடிவிட்டால் நொதி செத்துப்போகும், குறைந்தால் வேலை நடக்காது.

அடுத்தது வடிகட்டி. இரண்டு வாளி. உள்ளே போகும் வாளியின் அடியில் சல்லடை மாதிரி நூற்றுக்கணக்கில் ஓட்டை. வெளி வாளியில் ஒரு குழாய். சார்லி பபாசியன் என்கிற அமெரிக்கர் 1984-இல் வெளிவந்த தன் புத்தகத்தில் இந்த இரட்டை வாளியை எழுதி, உலகம் முழுக்கப் பிரபலமாக்கினார். ஆஸ்திரேலியாக்காரர்கள் இதையும் சுலபமாக்கி, துணிப்பைக்குள் தானியத்தைப் போட்டு, ஊறியதும் பையைத் தூக்கிப் பிழிந்துவிடுகிறார்கள். நம்ம ஊரில் தேங்காய்ப்பால் எடுக்கிற மாதிரி.

மூன்றாவது கொதிக்கவைக்கும் அண்டா. கல்யாணச் சமையலுக்கு வாடகைக்குக் கிடைக்கும் 30 லிட்டர் அண்டா போதும். வடித்த இனிப்புத் தண்ணீரை அதில் ஊற்றி, ஹாப்ஸ் என்கிற கசப்புப் பூவைப் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட வேண்டும்.

நான்காவதுதான் வில்லங்கமான சாமான். செப்புக் குழாய்ச் சுருள். ஏசி மெக்கானிக் கடையில் பத்துப் பன்னிரண்டு மீட்டர் குழாய் வாங்கி, ஒரு பாத்திரத்தைச் சுற்றி வளைத்துச் சுருளாக்கியிருந்தான். கொதித்ததைச் சீக்கிரம் ஆறவைக்க வேண்டும், ஆறாமல் கிடந்தால் வேண்டாத கிருமி குடியேறும். அதனால் சுருளை அண்டாவுக்குள் இறக்கி, குழாய்க்குள் தண்ணீரை ஓடவிடுகிறார்கள். சூடு தண்ணீரோடு போய்விடுகிறது. புனே மே மாதத்தில் குழாய்த் தண்ணீரே வெதுவெதுப்பாக இருப்பதால், முதலில் ஐஸ் போட்ட வாளி வழியாக அதை ஓட்ட வேண்டும் என்று அதற்கும் ஒரு குட்டிச் சுருள் செய்திருந்தான்.

ஐந்தாவது புளிக்கவைக்கும் வாளி. சாப்பாட்டுப் பொருள் வைக்கத் தகுந்த பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். பெயின்ட் வாளி ஆகவே ஆகாது. மூடியில் ஒரு ஓட்டை, அதில் ஒரு டியூப், டியூபின் மறுமுனை தண்ணீர் பாட்டிலுக்குள். உள்ளிருந்து வாயு குமிழ் விட்டு வெளியே போகும், வெளிக்காற்று உள்ளே வராது. கடைசியாக, மாவுக்குச் செய்த மாதிரி ஒரு பெட்டி. ஈஸ்ட் வேலை செய்யும்போது தானே சூட்டைக் கிளப்பும் என்பதால், பெட்டிக் காற்றின் சூட்டைப் பார்க்காமல் வாளியின் சூட்டைப் பார்க்க வேண்டும். புனே வெயிலில் இதைக் குளிர்விப்பதுதான் பெரிய பாடு.

இதில் எது ஆபத்து என்றால், கண்ணாடி பாட்டில். புளிப்பு முழுதாக முடியுமுன் பாட்டிலில் அடைத்தாலோ, நுரைக்காகப் போடும் சர்க்கரை அளவு கூடினாலோ பாட்டில் வெடிக்கும். லிட்டருக்கு ஆறேழு கிராம்தான் கணக்கு. அடர்த்திமானி வைத்து, இரண்டு மூன்று நாள் இடைவெளியில் அளந்தும் எண் மாறவில்லை என்றால்தான் முடிந்ததாக அர்த்தம். ஆரம்பத்தில் 1.050, முடிவில் 1.010 என்று காட்டினால் ஆல்கஹால் சுமார் 5 சதவீதம்.

ஒருநாள் முழுக்க வேலை. பிறகு இரண்டு வாரம் வாளியில், இன்னும் இரண்டு வாரம் பாட்டிலில். 20 லிட்டருக்கு நான்கைந்து கிலோ பார்லி, கேஸ், தண்ணீர், ஐஸ். பையனை உட்காரவைத்து ஒரு புராஜெக்ட் ரிப்போர்ட் போட்டுப் பார்த்தேன், சாமான்களுக்குத் தேய்மானம் உட்பட. அவன் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு கூலி போட்டால் கடையில் வாங்குவதை விட எந்த விதத்திலும் லாபம் இல்லை. "லாபத்துக்கு யார் மாமா செய்யறா?" என்றான். ஆக, காசு மிச்சம் பண்ண இதைச் செய்கிறேன் என்று உங்கள் பிள்ளை சொன்னால் நம்பாதீர்கள். இது பைத்தியம் பிடித்துச் செய்கிற வேலை. ரேடியோ செய்கிறவர்கள், போன்சாய் வளர்க்கிறவர்கள் வகை.

*

இனி சட்டம். அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையில் மது மாநிலப் பட்டியலில் இருக்கிறது. தயாரிப்பது, வைத்திருப்பது, கொண்டுபோவது, வாங்குவது, விற்பது எல்லாமே மாநிலத்தின் கையில். 47-ஆவது பிரிவு மதுவிலக்கைக் கொண்டுவர முயல வேண்டும் என்று அரசுக்கு வழிகாட்டுகிறது. ஆகவே ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு சட்டம்.

நான் இருக்கும் மகாராஷ்டிரத்தில் 1949-ஆம் வருடத்து மதுவிலக்குச் சட்டம்தான் இன்றும் அமலில் இருக்கிறது. முன்பு அதன் பெயர் பம்பாய் மதுவிலக்குச் சட்டம். ஊர் முழுக்கக் கடை இருந்தும், குடிக்கிறவர் பெர்மிட் வைத்திருக்க வேண்டும் என்பதுதான் அந்தச் சட்டம். லைசென்ஸ் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். அதோடு நிற்கவில்லை. மது தயாரிக்கும் நோக்கத்தோடு மூலப்பொருளோ, பாத்திரமோ, கருவியோ வைத்திருந்தாலும் குற்றம். டெல்லியின் 2009-ஆம் வருடத்துக் கலால் சட்டத்திலும் இதே மாதிரி வாசகம் இருக்கிறது.

நோக்கம் என்கிற சொல்லைக் கவனியுங்கள். பேங்க்கில் கடன் கொடுத்தால் பணம் எதற்குப் போயிற்று என்று பார்ப்போம். டிராக்டருக்கு வாங்கிய கடன் கல்யாணத்துக்குப் போனால் கணக்கு கோளாறாகும். பணம் என்னவோ அதே பணம்தான். அந்த மாதிரி, இட்லி மாவுக்கு வைத்திருக்கும் தெர்மகோல் பெட்டி வெறும் பெட்டி. பீருக்கு வைத்திருந்தால் அதே பெட்டி சாட்சிப்பொருள். ஒரு சொட்டு பீர் இறங்கும் முன்பே, வாளியும் குழாயும் பார்லியும் ஒன்றாக இருப்பதை வைத்தே கேஸ் எழுதலாம்.

செப்புச் சுருளை வில்லங்கம் என்று சொன்னதும் இதனால்தான். சாராயம் காய்ச்சுகிறவனும் சுருள்தான் வைத்திருக்கிறான். அவன் சுருளுக்குள் ஓடுவது ஆவி. அது குளிர்ந்து சொட்டுச் சொட்டாக வடிந்தால் சாராயம். பீர் போடுகிறவன் சுருளுக்குள் ஓடுவது வெறும் குழாய்த் தண்ணீர். அவன் சரக்கு சுருளுக்கு வெளியே அண்டாவில் கிடக்கும். உள்ளே, வெளியே என்கிற இந்த ஒரு வித்தியாசத்தில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது. ராத்திரி பதினோரு மணிக்குக் கதவைத் தட்டும் கான்ஸ்டபிளுக்கு அதை மராத்தியில் விளக்க உங்கள் பிள்ளையால் முடியுமா?

*

சட்டத்தில் அந்த வித்தியாசம் சரியாகப் பதியவில்லை என்பதுதான் என் குறை. புளிக்கவைப்பதும் காய்ச்சி வடிப்பதும் ஒரே தட்டில் கிடக்கின்றன.

கள்ளச்சாராயச் சாவு என்றாலே நமக்கு வயிறு கலங்கும். 2015 ஜூனில் மும்பை மால்வணியில் 100-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். 2024 ஜூனில் நம்ம கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்கள். இரண்டு இடத்திலும் கொன்றது மெத்தனால். தொழிற்சாலைகளில் கரைப்பானாகப் பயன்படும் திரவம் அது. பார்க்கவும் முகரவும் குடிக்கும் ஆல்கஹால் மாதிரியே இருக்கும். உடம்புக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண்ணையும் உயிரையும் பறிக்கும். விற்கிறவன் போதை ஏற்றவும் காசு பார்க்கவும் அதைக் கலக்கிறான்.

பார்லியும் ஈஸ்ட்டும் தண்ணீரும் வாளியில் புளித்தால் அந்த அளவுக்கு மெத்தனால் உண்டாகாது. கெட்டுப்போன பீர் புளிக்கும், நாறும், வாயில் வைக்க முடியாது. ஆனால் மொத்த ஊரையும் ஒரே நாளில் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போடாது. நான் பீர் உடம்புக்கு நல்லது என்று சொல்லவில்லை. ஆல்கஹால் எந்த ரூபத்தில் வந்தாலும் ஈரலுக்கு ஒரே கணக்குதான். விஷச் சாவைக் காரணம் காட்டி வாளியைத் தடுப்பதில் தர்க்கம் இல்லை என்றுதான் சொல்கிறேன்.

இதில் நம்ம தமிழ்நாட்டுக் கதை இன்னும் விநோதம். மரத்திலிருந்து இறங்கித் தானே புளிக்கும் கள் அங்கே 1987-இலிருந்து தடையில் இருக்கிறது. வடித்தெடுத்த சரக்கை 2003-இலிருந்து அரசே சில்லறையாக விற்கிறது. சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் மேலே எதுவும் சொல்லவில்லை :-)

*

"அப்படியென்றால் வீட்டில் போட அனுமதி என்பது வெளிநாட்டுச் சமாச்சாரம்" என்பார்கள். வெளிநாட்டில் உண்டு, சரிதான். பிரிட்டனில் 1963-இல் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் பட்ஜெட்டிலேயே வீட்டு பீருக்கான லைசென்ஸை எடுத்துவிட்டார். விற்கக் கூடாது, அவ்வளவே. அமெரிக்காவில் 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்டார். ஒரு ஆள் இருக்கும் வீட்டுக்கு வருடம் 100 கேலன், இரண்டு பெரியவர்கள் இருந்தால் 200 கேலன். வடித்தெடுப்பதற்கு அந்தச் சட்டம் அனுமதி கொடுக்கவில்லை. மாநிலங்கள் தனித்தனியே ஒத்துக்கொள்ள வேண்டியிருந்ததால், கடைசி இரண்டு மாநிலங்களான அலபாமாவும் மிசிசிப்பியும் சரி என்று சொன்னது 2013-இல்தான்.

ஆனால் இந்த யோசனை நம்ம நாட்டுக்குப் புதிது இல்லை என்பதை ராஞ்சியில் இருந்தபோது தெரிந்துகொண்டேன். அங்கே மூன்று வருடம் போஸ்டிங். ஞாயிறு சந்தைக்குப் போனால் பெண்கள் அலுமினியத் தவலையோடு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். தவலையில் ஹண்டியா. சோற்றை வடித்து ஆறவைத்து, ராணு என்கிற மாத்திரையைப் பொடித்துப் பிசறி, பானையில் மூடிவைப்பார்கள். அரிசிமாவோடு காட்டு வேர்களை இடித்து உருட்டிய உருண்டைதான் ராணு. இரண்டு மூன்று நாளில் புளித்ததும் தண்ணீர் விட்டு வடிப்பார்கள். சர்ஹுல் பண்டிகைக்கு முதலில் சாமிக்குப் படைப்பதும் அதைத்தான்.

கிழக்கு மாநிலங்களின் கலால் சட்டங்களில் வெள்ளைக்காரன் காலத்திலேயே இதற்குப் பச்வாய் என்று பெயர் கொடுத்து, பழங்குடி மக்கள் தங்கள் வீட்டு உபயோகத்துக்குத் தயாரித்துக்கொள்ள விலக்கு கொடுத்திருந்தார்கள். அசாமில் திமாசா மக்களின் ஜூடிமா என்கிற அரிசி மதுவுக்கு 2021-இல் புவிசார் குறியீடே கிடைத்தது. வீட்டில் புளிக்கவைப்பது வேறு, சாராயம் காய்ச்சுவது வேறு என்று நம் சட்டத்துக்கு ஒரு மூலையில் தெரிந்துதான் இருக்கிறது. அந்த மூலையைக் கொஞ்சம் அகலப்படுத்தச் சொல்கிறேன்.

பெரிய முதலீடு போட்டவர்களுக்கு வழி பிறந்துவிட்டது என்பதையும் பார்க்க வேண்டும். இதே புனேயில் 2009-இல் டூலலி என்ற பெயரில், கடையிலேயே பீர் தயாரித்து அங்கேயே ஊற்றிக் கொடுக்கும் இடம் வந்தது. பெங்களூரிலும் குருகிராமிலும் இப்போது இப்படிப்பட்ட இடங்கள் ஏராளம். கோடிகளில் எவர்சில்வர் தொட்டி வைத்தால் தொழில், வாளி வைத்தால் குற்றம் என்றால், சட்டம் பார்ப்பது சுகாதாரத்தையா, முதலையா?

*

என் வாதத்துக்கு மறுப்பு வெளியிலிருந்து வரவில்லை, வீட்டுக்குள்ளிருந்தே வந்தது. தங்கமணி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "கடையில போய் வாங்கணும்னா வெட்கம், தூரம், செலவுன்னு மூணு வேலி இருக்கு. அடுப்படிலயே இருந்தா எந்த வேலி இருக்கு? அந்த அண்டாவ யாரு கழுவுறது?"

இது லேசில் தள்ளக்கூடிய கேள்வி இல்லை. ராஞ்சி சந்தையிலேயே அதற்குச் சாட்சி உண்டு. வீட்டுக்கும் பண்டிகைக்கும் இருந்த ஹண்டியா, வயிற்றுப்பாட்டுக்காகத் தெருவுக்கு வந்தபோது, விற்கும் பெண்களும் குடிக்கும் ஆண்களும் ஒன்றாக மாட்டிக்கொண்டார்கள். அந்தப் பெண்களை அந்த வியாபாரத்திலிருந்து வெளியே கொண்டுவர ஜார்க்கண்ட் அரசு 2020-இல் ஃபூலோ ஜானோ ஆசீர்வாத் என்று ஒரு திட்டமே போட்டு, வேறு தொழில் செய்ய வட்டியில்லாக் கடன் கொடுத்தது. ஆகவே விற்பனை என்கிற கோட்டைத் தாண்டவிடக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வேலி விஷயத்தில் நான் சொல்லும் பதில் இது. குடிக்கு அடிமையானவனுக்கு இன்று சாயங்காலம் வேண்டும். பீர் வாளி நான்கு வாரம் கழித்துத்தான் கொடுக்கும். அந்த நான்கு வாரமும் பாத்திரம் கழுவி, கிருமி நீக்கி, சூடு பார்த்து, நோட்டில் எழுத வேண்டும். தெருமுனையில் கடை திறந்திருக்கும்போது அவன் ஏன் இந்த வழிக்கு வரப்போகிறான்? காத்திருப்பதும் ஒரு வேலிதான், மற்ற மூன்றை விடக் கொஞ்சம் உயரமான வேலி.

ஆனாலும் தங்கமணி பக்கம் நியாயம் இருக்கிறது. வீடு என்பது ஒருவர் பெயரில் இருக்கும் கணக்கு இல்லை. பேங்க்கில் கூட்டுக் கணக்கில் இரண்டு வகை உண்டு. யாராவது ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதும் என்பது ஒன்று. எல்லோரும் சேர்ந்து போட வேண்டும் என்பது இன்னொன்று. இந்த விஷயம் இரண்டாவது வகையில்தான் வர வேண்டும். அதனால் சட்டம் திருத்துகிறவர்களுக்கு என் யோசனை இப்படி:

1. புளிக்கவைக்க மட்டும் அனுமதி. வடித்தெடுப்பது இப்போது போலவே கடுங்குற்றம்.
2. ஒரு வீட்டுக்கு மாதம் 20 லிட்டருக்கு மேல் கூடாது. அமெரிக்கக் கணக்கு நமக்கு வேண்டாம்.
3. விற்பனை, பண்டமாற்று எதுவும் கூடாது.
4. அந்தந்த மாநிலத்தில் குடிக்க அனுமதிக்கும் வயது வந்தவர் மட்டும் பதிவு செய்துகொள்ளலாம். மதுவிலக்கு உள்ள மாநிலத்தில் இந்தப் பேச்சே இல்லை.
5. பதிவுப் படிவத்தில் வீட்டிலுள்ள பெரியவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் மாட்டேன் என்றாலும் அனுமதி இல்லை. பிறகு ஒருவர் மனம் மாறினாலும் ரத்து.

ஐந்தாவதைக் கேட்டதும் தங்கமணி, "அப்ப நம்ம வீட்டுக்குக் கிடைக்காது, சரிதான்" என்று எழுந்து போய்விட்டார். அதற்குத்தான் அந்த விதி.

*

இப்போது பெற்றோர்களுக்கு. பெங்களூர், புனே, குருகிராம் என்று வேலைக்குப் போயிருக்கும் பிள்ளைகளில் சிலர் ஆன்லைனில் கிட் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கிடைக்கிறது என்பதற்காக வீட்டில் போட அனுமதி இருக்கிறது என்று ஆகாது. அவன் இருப்பது வாடகை வீடு. போலீஸ் வெரிஃபிகேஷன் கொடுத்து எடுத்த வீடு. கூட இருக்கும் பையன்கள் யாரோ. கம்பெனியில் சேரும்போது பின்னணி விசாரணை உண்டு, பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போதும் உண்டு. ஒரு வாளிக்காக ஒரு எஃப்.ஐ.ஆர். என்பது எந்தக் கணக்கிலும் கட்டுப்படியாகாது.

இதை என் மருமானிடமும் சொன்னேன். சட்டத்தை அச்சடித்துக் கையில் கொடுத்தேன். ஒரு ராத்திரி முழுக்கப் படித்தான், என்னிடம் வாதாடினான், கடைசியில் ஒத்துக்கொண்டான். வாளி இரண்டும் எங்கள் வீட்டில் அரிசியும் துவரம்பருப்பும் தாங்கி நிற்கின்றன. செப்புக் குழாயை ஏசி மெக்கானிக் பாதி விலைக்குத் திரும்ப எடுத்துக்கொண்டார். பார்லி கஞ்சியாகிவிட்டது.

அவனைக் கேட்டுக்கொண்டுதான் கடைசியாக இதை எழுதுகிறேன். எங்கள் அத்தான் 2009-இல் ஈரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தார். குடிதான். அப்போது இவன் எட்டாம் வகுப்பு. அக்கா தையல் மெஷினை வைத்துக்கொண்டு தனியாளாக இவனைப் படிக்கவைத்தாள். இவன் ரூமில் அந்தச் சாமான்களைப் பார்த்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அக்காவின் முகம்தான். "எங்க அப்பாவ மாதிரி ஆயிடுவேன்னு நினைக்கிறீங்களா மாமா?" என்று அவனே கேட்டான். "அப்பாவுக்குப் போத வேணும். எனக்கு அது எப்படி ஆகுதுன்னு பாக்கணும். வருஷத்துக்கு நாலு கிளாஸ் குடிச்சா அதிகம்." நான் அவனை நம்புகிறேன். இரண்டு வருடமாகப் பக்கத்திலிருந்து பார்க்கிறேன்.

ஆனால் குடியால் ஒரு சாவு விழுந்த வீட்டில் இந்தப் பேச்சைத் தொடங்குவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட வீடுகள் நம்மில் நிறைய. அங்கே சாராயம், பீர், வாளி, பாட்டில் எல்லாம் ஒரே சொல்தான். அதைத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். பட்டவர்களுக்கு அப்படித்தான் கேட்கும். பிள்ளைகளிடம் நான் கேட்பது, அந்தக் காதோடு கொஞ்சம் பொறுத்துப் போங்கள் என்பது. பெற்றவர்களிடம் கேட்பது, பிள்ளை ஒளிக்காமல் வந்து சொல்கிற அளவுக்காவது கதவைத் திறந்து வையுங்கள் என்பது. ஒளித்துச் செய்கிற வாளிதான் வெடிக்கும்.

அக்கா, இதை நீ படிப்பாய் என்று தெரியும். அவன் வாயால் உன்னிடம் சொல்லிவிட்டான், நீ இரண்டு நாள் பேசவில்லை என்பதும் தெரியும். மூன்றாம் நாள் போன் பண்ணி "சாப்பிட்டியாடா" என்று கேட்டாயாமே. அது போதும்.

பி.கு: மாவுப் பெட்டி பற்றி யாராவது கேட்பீர்கள். ஐந்து லிட்டர் பாத்திரம் சுற்றிலும் நான்கு விரல் இடைவெளியோடு உட்காரும் பெட்டியாகப் பாருங்கள். பாத்திரத்தில் பாதிக்கு மேல் மாவு வேண்டாம், பொங்க இடம் வேண்டும். பல்பு ஒயரைக் கரண்ட் வேலை தெரிந்தவரிடம் கொடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். எல்.இ.டி. பல்பு போட்டுவிட்டு மாவு பொங்கவில்லை என்று என்னிடம் வராதீர்கள், நமக்கு வேண்டியது சூடு :-)